காசு வாங்கிக்கொண்டு வளர்த்த பெரியப்பாவின் பாசம் நிஜமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பியபோது, ஏழு வயதான உங்கள் பாட்டியை மட்டும் பெங்களூர் அல்சூரில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள். அம்மாவும் மற்ற நான்கு பிள்ளைகளும் செங்கல்பட்டுப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா வேலையை விட முடியாமல் சென்னையிலேயே தங்கிவிட்டார். பெரியப்பா மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லாதவர், பிள்ளைகள் சத்தமே ஆகாது என்று பெயர் எடுத்தவர். “ஒரு மாசம்தான், அதுக்கு மேல என்னால ஆகாது” என்று வாசலிலேயே சொன்னவர், மூன்றரை வருஷம் வைத்து வளர்த்தார். இன்று பாட்டிக்கு 90 வயது, மறதி நோய். பெற்ற அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் சாயங்காலமானால் “பெரியப்பா கடைய சாத்திட்டாரா?” என்று கேட்கிறார். இந்த நேரத்தில் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் பழைய மணியார்டர் கூப்பன்கள் ஒரு கட்டு கிடைத்திருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா பெரியப்பாவுக்கு மாதாமாதம் 10 ரூபாய் அனுப்பியிருக்கிறார். ‘காசு வாங்கிக்கொண்டு வளர்த்தவரையா பாட்டி இத்தனை வருஷம் கும்பிட்டார், இதை அவரிடம் காட்டலாமா?’ என்று கேட்கிறீர்கள். பாட்டி ஏமாந்துபோய்விட்டாரோ என்பதுதான் உங்கள் நிஜமான கவலை என்று எனக்குப் படுகிறது.

நான் பெங்களூரில் குழந்தைகள் மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பெற்றோர் வேலைக்கோ சிறைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விட, அத்தை வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் விடப்பட்ட பிள்ளைகள்தான் என் வேலையில் பெரும்பகுதி. அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர் தமிழ்க் குடும்பங்கள் அதில் நிறைய. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் எங்கள் படிப்பின் அடிப்படைப் பாடம். இருந்தாலும் உங்கள் பாட்டியை நான் பார்த்ததில்லை, பெரியப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இறந்தவர் மனதில் என்ன இருந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதில் இருக்கும் அடையாளங்களை வைத்து, இப்படிப்பட்ட இடங்களில் பொதுவாக என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் காசு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். போர்க்காலப் பிள்ளைகள் இடம்பெயர்ந்ததில் உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்டது இங்கிலாந்தில் நடந்ததுதான். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆரம்பித்து, மூன்று நாலு நாளில் சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமப்புறங்களுக்கு ரயிலேற்றினார்கள். அதில் பாதிக்கு மேல் பெற்றோர் இல்லாமல் பள்ளியோடு கிளம்பிய பிள்ளைகள். கோட்டில் பெயர்ச்சீட்டு, தோளில் வாயு முகமூடிப் பெட்டி. போய் இறங்கிய ஊரில் ஒரு மண்டபத்தில் வரிசையாக நிறுத்துவார்கள், ஊர்க்காரர்கள் வந்து “இந்தப் பொண்ணு போதும்”, “அந்தப் பையன் வேண்டாம்” என்று பொறுக்கி எடுப்பார்கள். கடைசிவரை யாரும் எடுக்காத பிள்ளையை அதிகாரி வீடு வீடாகக் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டு வருவார். இடம் இருந்தும் மறுத்தால் அபராதம். ஆக, வேண்டாவெறுப்பாக வளர்த்தவர்கள் அங்கே ஊருக்கு ஊர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அரசாங்கம் காசு கொடுத்தது: தனியாக வந்த ஒரு பிள்ளைக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். வளரும் பிள்ளையின் சாப்பாட்டுக்கே இது காணாது என்று அன்றைக்கே புலம்பல். அந்த வீடுகளில் போர் முடிந்த பிறகும் ஐம்பது அறுபது வருஷம் கடிதம் எழுதிக்கொண்ட உறவுகள் பிறந்திருக்கின்றன. அடி உதையும் பட்டினியும் நடந்திருக்கின்றன. இரண்டு வகை வீட்டுக்கும் வந்தது ஒரே தொகை. அதனால் காசு வாங்கினார் என்ற ஒரு செய்தியிலிருந்து பாசம் இருந்ததா இல்லையா என்று எதுவும் தெரியாது.

பின்னே எதிலிருந்து தெரியும்? அமெரிக்காவில் மேரி டோசியர் என்ற உளவியலாளர், அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டு பிறர் பிள்ளைகளை வளர்ப்பவர்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று ரொம்ப எளிமையானது: “நாளைக்கே இந்தக் குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொண்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?” பதில்கள் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தன. குழந்தை அந்த வீட்டில் நிலைத்ததா, வேறு வீட்டுக்கு மாற்றப்பட்டதா என்பது இந்தப் பதிலோடு ஒட்டிப்போனது. உங்கள் பெரியப்பாவிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் கூப்பன்களிலேயே ஒரு தடயம் இருக்கிறது. முதல் கூப்பனிலும் கடைசிக் கூப்பனிலும் அதே 10 ரூபாய் என்கிறீர்கள். போர் தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் நடுவில் இந்தியாவில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அரிசி, மண்ணெண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. காசுக்காகத்தான் வைத்திருந்தார் என்றால் ஒன்று கூடக் கேட்டிருப்பார், இல்லை அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டிருப்பார். இரண்டும் நடந்ததாகத் தெரியவில்லை. இது அனுமானம்தான், ஆனால் கொஞ்சம் வலுவான அனுமானம்.

காசை விட எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள். வந்த முதல் வாரம் பாட்டி பாயை நனைத்திருக்கிறார். பெரியப்பா திட்டவும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லவும் இல்லை. பாயைத் தூக்கி மதில்மேல் போட்டுவிட்டு, “நல்ல வெயில், காஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மறுநாளும் அதே. இங்கிலாந்தில் இந்தப் படுக்கை நனைக்கிற விவகாரம்தான் வீட்டுக்காரர்களுக்கும் அரசுக்கும் நடுவே பெரிய சண்டையாக வெடித்தது. பத்திரிகைகளில் எழுதினார்கள், சேரிப் பிள்ளைகளுக்கு வளர்ப்பு சரியில்லை என்றார்கள், கடைசியில் சலவைச் செலவுக்கென்று தனியாகப் படி கொடுக்க வேண்டிவந்தது. பெரும்பாலும் அது பயமும் பிரிவும் செய்கிற வேலை. பிள்ளைக்கு இடம் பழகியதும் பல வீடுகளில் தானாக நின்றது. திட்டி அவமானப்படுத்திய வீடுகளில் இழுத்துக்கொண்டே போனது. உங்கள் பெரியப்பா எந்தப் புத்தகத்தையும் படித்திருக்க மாட்டார். ஆனால் குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாங்கள் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதை அவர் ஒரே வாக்கியத்தில் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்று அந்தச் சடை. தலை பின்னத் தெரியாமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டு, ரிப்பன் வாங்க மறந்து, பழைய சைக்கிள் டியூபை மெல்லிசாக வட்டம் வட்டமாக வெட்டி அந்த ரப்பரால் சடையைக் கட்டிவிட்டிருக்கிறார். அவிழ்க்கும்போது முடியோடு வருமாம், பாட்டி கத்துவாராம். அடுத்த தடவை ரப்பருக்கு மேல் துணி சுற்றியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் துணி சுற்றியதைத்தான் நான் தேடுவேன். கட்டாயத்துக்குச் செய்கிறவர் சடையைக் கட்டிவிடுவார். வலிக்கிறது என்று கேட்டு அடுத்த தடவை மாற்றிச் செய்கிறவருக்குக் குழந்தை கண்ணில் பட ஆரம்பித்துவிட்டது. இது ஒரே நாளில் மனம் உருகி நடப்பதில்லை. சோறு போடுவது, குளிப்பாட்டுவது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பது என்று தப்பிக்க முடியாத வேலைகளை நூறு தடவை செய்ததற்கு அப்புறம்தான் மனம் பின்னாலேயே வந்து சேர்கிறது. நான் பார்த்த தாத்தாக்களிலும் மாமாக்களிலும் பலருக்கு இந்த வரிசையில்தான் வந்தது.

வேண்டாவெறுப்பு என்று நீங்கள் குறையாகச் சொல்வதில் ஒரு நல்லதும் இருக்கிறது. டொனால்ட் வின்னிகாட் என்று ஒரு ஆங்கிலேய மருத்துவர், குழந்தைகள் மனநலத்தில் பெரிய பெயர். போர்க்காலத்தில், எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கான விடுதிகளில் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஓடிப்போய்க்கொண்டே இருந்த ஒன்பது வயதுப் பையனை அவரும் மனைவியும் மூன்று மாதம் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதமும் நரகம் என்று அவரே எழுதியிருக்கிறார். பையன் வெறிபிடித்த மாதிரி ஆடும்போது, அடிக்காமல், தூக்கி வாசலுக்கு வெளியே விடுவார். வெளியே ஒரு தனி மணி இருந்தது. அதை அடித்தால் கதவு திறக்கும், நடந்ததைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. ஆனால் வெளியே விடும் ஒவ்வொரு தடவையும், “நீ இப்போ செஞ்சது உன்மேல எனக்கு வெறுப்பை வரவைக்குது” என்ற பொருளில் பையனிடம் நேராகச் சொல்லிவிடுவாராம். அதைச் சொன்னதால்தான் தன்னால் தாங்க முடிந்தது என்கிறார். பையன் பிறகு சீர்திருத்தப் பள்ளிக்குத்தான் போனான், கதை சுபமாக முடியவில்லை. ஆனாலும் அவன் வாழ்க்கையில் நிலையாக இருந்த ஒருசில விஷயங்களில் அந்த வீட்டோடு இருந்த உறவும் ஒன்று என்று வின்னிகாட் குறித்திருக்கிறார்.

உங்கள் பெரியப்பா சொன்ன “என்னால ஆகாது” இந்த ஜாதிதான். குழந்தைக்குத் தான் நிற்கும் இடம் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, பதிலுக்கு எதையும் எதிர்பார்க்கவும் இல்லை. இதற்கு நேர் எதிரானதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். வந்த அன்றைக்கே கட்டிப்பிடித்து “இனிமே நான்தான் உன் அம்மா” என்று சொல்லும் சித்திகள், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பிள்ளைக்கோ, நாமும் உடனே பாசம் காட்டியாக வேண்டும், பெற்ற அம்மாவை மறந்தாக வேண்டும் என்ற பாரம் வந்து விழுகிறது. அப்படி ஒரு வீட்டில் ஒரு பையன் நான்கு மாதம் சித்தியை எந்த முறை சொல்லியும் கூப்பிடாமலே காலம் தள்ளினான். பெரியப்பா மாதிரி ஆட்கள் அந்தப் பாரத்தை வைப்பதில்லை.

பாட்டியிடம் இருந்தது பாசமா, வேறு போக்கிடம் இல்லாத ஒட்டுதலா என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான சந்தேகம். ஏழு வயதுப் பிள்ளை யாரையாவது பற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். அடிக்கிறவர்களைக்கூடப் பிள்ளைகள் பற்றிக்கொள்ளும், அதனால் ஒட்டிக்கொண்டார் என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. வித்தியாசம் வேறு இடத்தில் தெரியும். சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்காமும் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகம் நடத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளையும் எல்லாரும் பார்த்துக்கொள்வது என்றிருந்ததை மாற்றி, நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு தாதி என்று குடும்பம் மாதிரிப் பிரித்தார்கள். அதன் முதல் பலன் அமைதி இல்லை. பொறாமை, பிடிவாதம், அழுகை, அந்தத் தாதி இரண்டு நிமிஷம் கண்ணில் படாவிட்டால் ரகளை. அதற்குப் பிறகுதான் பேச்சு வளர்ந்தது, நல்ல பழக்கங்கள் படிந்தன. இனி இவர் நம்மவர் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பிள்ளைக்குச் சண்டை போடத் துணிவு வருகிறது. இரண்டாம் வருஷம் பெரியப்பா கடையில் பட்டாளத்துக்காரர்களின் சைக்கிளோடு ராத்திரி வரை இருந்ததற்காக உங்கள் பாட்டி அவருடைய ஸ்பேனரைச் சாக்கடையில் போட்டதாகவும், அவர் வந்து சாப்பிடும்வரை தானும் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்ததாகவும் குடும்பத்தில் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள் என்கிறீர்களே, எனக்கு அதுதான் சாட்சி. பயந்து ஒட்டிக்கொண்ட பிள்ளை ஸ்பேனரைத் தொடாது.

இதை வைத்து, பிள்ளையை அனுப்பியது நல்லதாகப் போயிற்று என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். வின்னிகாட்டும், மனநல மருத்துவர்களான ஜான் பௌல்பியும் இமானுவேல் மில்லரும் 1939 டிசம்பரிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதி, சின்னக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பதன் ஆபத்தை எச்சரித்தார்கள். அதே போர்க்காலத்தில் பின்லாந்திலிருந்து சுமார் 70,000 பிள்ளைகளை ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். பத்திரமான நாடு, பெரும்பாலும் நல்ல வீடுகள். அப்படியும் வயதான பிறகு அவர்களில் மனச்சோர்வின் அறிகுறிகள், ஊரிலேயே இருந்தவர்களைவிட அதிகமாகத் தெரிந்ததாக ஹெல்சிங்கி ஆய்வுகள் காட்டின. உங்கள் பாட்டிக்கு வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம்.

அந்தப் பின்லாந்துப் பிள்ளைகளில் பலர் தாய்மொழியை மறந்துவிட்டுத் திரும்பினார்கள், பெற்ற அம்மாவிடம் பேச முடியவில்லை. திரும்பிப் போவது என்பது இரண்டாவது பிரிவு. பெரியவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, ‘வீட்டுக்குத்தானே போகிறாள்’ என்பார்கள். 1945 கடைசியில் உங்கள் பாட்டி கன்னடம் கலந்த தமிழோடு சென்னைக்குத் திரும்பியபோது தம்பி தங்கைகள் கேலி செய்ததாகவும், பெரியப்பாவுக்குக் கடிதம் போட யாரும் தபால் கார்டு வாங்கித் தரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்பாமேல் இருக்கும் மௌனக் கோபம் அனுப்பியதற்காக மட்டும் இருக்காது என்று நினைக்கிறேன். ஐந்து பேரில் என்னை மட்டும் ஏன், அப்புறம் பிடுங்கிக்கொண்டு வந்தது ஏன் என்ற இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம். இதில் எனக்கு நிச்சயம் இல்லை.

இந்த இடத்தில் கூப்பன்களை நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவை பெரியப்பாவைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நிறையச் சொல்கின்றன. நாலு பிள்ளைகளையும் மனைவியையும் ஊரில் விட்டு, குண்டுக்குப் பயந்த நகரத்தில் தனியாக இருந்த மனிதர், ஒரு மாதம் விடாமல் அனுப்பியிருக்கிறார். மணியார்டர் கூப்பனில் சேதி எழுத நாலு வரி இடம் இருக்கும். அதை வாசித்தீர்களா? தொகையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். “குழந்தை எப்படி இருக்கிறாள்” என்று ஒரு வரி இருந்தாலும் கதை வேறு. இன்னொன்று, அவை கிடைத்தது பாட்டியின் பெட்டியில். வாங்கியவர் பெரியப்பா என்றால், அவர் கொடுத்து பாட்டி வைத்திருக்க வேண்டும், அல்லது அவர் காலமான பிறகு பாட்டி எடுத்து வைத்திருக்க வேண்டும். எப்படியானாலும் கல்யாணம், வீடு மாற்றம் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கட்டு கூடவே வந்திருக்கிறது. நீங்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதே சந்தேகம்.

காட்டலாமா என்றால், ஆதாரமாகக் காட்டாதீர்கள். “பாருங்க பாட்டி, அவர் காசு வாங்கியிருக்கார்” என்பதும் வேண்டாம், “உங்க அப்பா உங்கள மறக்கல” என்று வக்காலத்து வாங்குவதும் வேண்டாம். மறதி நோயில் வாதம் தங்காது, அதனால் வந்த கலக்கம் மட்டும் தங்கிவிடும். காலையில், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், ஒரே ஒரு கூப்பனைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பேசினால் கேளுங்கள், முகம் சுருங்கினால் வாங்கி வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். சாயங்காலம் வேண்டாம், அந்த நேரத்தில் இவர்களுக்குக் குழப்பம் அதிகமாகும். கடையைச் சாத்திட்டாரா என்று கேட்கும்போது, அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு என்று திருத்தாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவாக விழும். “கடையில இன்னிக்கு யார் யார் வந்தாங்க பாட்டி?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வழக்கத்துக்கு மாறாக இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அதைப் பழைய நினைவு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றுகூட அப்படிக் காட்டும்.

கூப்பன்களை லேமினேஷன் கடைக்கு எடுத்துப்போக வேண்டாம், அந்தக் காலத்துத் தாளும் மையும் அந்தச் சூட்டைத் தாங்காது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, தேதி வரிசை மாறாமல் அதே பெட்டியில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். சேதி எழுதிய பகுதியில் கையெழுத்து புரியவில்லை என்றால் அந்தப் போட்டோவை இங்கே போடுங்கள், பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நானும் முயற்சி செய்கிறேன்.